ட்ரூயிட் வழியில பக்குவம் பழகுறது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

ட்ரூயிட்டுங்கன்னா ஐரோப்பாவுல பழைய கெல்டிக் மக்களோட பூசாரிங்க, அவங்க பேர்ல இன்னைக்கும் ஒரு ஆன்மிக வழி இருக்கு. இது யாருக்குன்னு முதல்லயே சொல்லிடுறேன். ட்ரூயிட்னா வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு ஸ்டோன்ஹெஞ்ச்ல நிக்கிறவங்கதானேன்னு கேக்கிறவங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் கிடைக்காது. ஒரு வருஷம் உக்காந்து செஞ்சுதான் பார்ப்போமேன்னு நினைக்கிறவங்க, இல்ல ஏற்கனவே ஏதாவது பயிற்சில சேர்ந்து நற்குணங்கள் பகுதி வந்ததும் முதல் குணத்துலயே மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க, அவங்களுக்காக எழுதுறேன். நானும் அங்கதான் மாட்டினேன், சரியா நாலு மாசம்.

நான் இருக்கிறது இங்கிலாந்துல. பக்கத்து ஊர்ல ஒரு க்ரோவ் இருக்கு, க்ரோவ்னா தோப்பு, ட்ரூயிட்டுங்க கூடுற குழுவுக்கு அதான் பேரு. வேடிக்கை பார்க்கப் போனவன், டீயும் கேக்கும் நல்லா இருந்துச்சேன்னு ரெண்டாவது தடவை போனேன், அப்புறம் அப்படியே ஒட்டிக்கிட்டேன்.

பின்னணி கொஞ்சம் தெரிஞ்சா போதும். பழைய கெல்டிக் ட்ரூயிட்டுங்ககிட்டேர்ந்து அறுபடாம வந்த வழின்னு இன்னைக்கு எதுவும் கிடையாது, அப்படி யாராவது சொன்னா உஷாராயிடுங்க. இப்போ இருக்கிறதெல்லாம் 18ஆம் நூற்றாண்டுலேர்ந்து மறுபடி கட்டினது. 1963ல அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல கார்ல்டன் காலேஜ் பசங்க, கட்டாயமா வழிபாட்டுக்குப் போகணும்ங்கிற காலேஜ் விதியை எதிர்த்து பாதி விளையாட்டா ஒரு ட்ரூயிட் குழு ஆரம்பிச்சாங்க, விதி போயிடுச்சு, குழு மட்டும் போகலை. அடுத்த வருஷம் இங்கிலாந்துல ராஸ் நிக்கல்ஸ் தனியா ஒண்ணு ஆரம்பிச்சார், ஆர்டர் ஆஃப் பார்ட்ஸ் ஓவேட்ஸ் அண்ட் ட்ரூயிட்ஸ், சுருக்கமா ஓபாட். அந்தக் காலேஜ் குழு வழியா வந்த ஐசக் போன்விட்ஸ் 1983ல ஏடிஎஃப்ங்கிற ட்ரூயிட் அமைப்பை ஆரம்பிச்சார், அதோட ஐரிஷ் பேருக்கு (Ár nDraíocht Féin) "நம்ம சொந்த ட்ரூயிட் வழி"ன்னு அர்த்தம். ஒன்பது நற்குணம்னு பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணையும் வாழ்ந்து பார்த்து எழுதச் சொல்றது இந்த ஏடிஎஃப்தான். விவேகம், பக்தி, தொலைநோக்கு மூணும் பூசாரி பக்கம், தைரியம், நேர்மை, விடாமுயற்சி போர்வீரன் பக்கம், விருந்தோம்பல், அளவு, வளம் உழவன் பக்கம். நம்ம விஷயம் அந்த முதல் ஒண்ணு மட்டும்தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: என்ன வார்த்தை போடுறது

மேல விவேகம்னு சொன்ன அந்த விஸ்டம்ங்கிறதை ஞானம்னு சொன்னா தமிழ்ல மனசு உடனே முக்தி, துறவு, தாடி வச்ச சாமியார்னு எங்கேயோ போயிடுது. ட்ரூயிட் வழியில கேக்கிறது அது கிடையாது. ஏடிஎஃப் சொல்ற விளக்கத்தோட சாரம் மூணே விஷயம்தான்: ஆளையும் நிலைமையையும் உள்ளபடி பார்க்கணும், நிதானமா யோசிக்கணும், சரியான பதில் எதுன்னு முடிவெடுக்கணும். ரொம்ப சாதாரணமா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, இதுக்கு எதுக்கு ட்ரூயிட், எங்க அப்பத்தாவே போதுமேன்னு. யோசிச்சுப் பார்த்தா உண்மையாவே அப்பத்தா போதும், ஏன்னா இதுக்கு அவங்க வச்சிருந்த வார்த்தைதான் சரியான வார்த்தை. பக்குவம். பாகு கம்பிப் பதம் வர்றதும் பக்குவம்தான், ஒரு மனுஷன் கோவத்துல வாயைத் திறக்காம இருக்கிறதும் பக்குவம்தான்.

எனக்கு இது புரிஞ்சது ஒரு பை நிறைய இலையால. இங்க வசந்த காலம் தொடங்கறப்ப காட்டுல ஈரமான இடமெல்லாம் வைல்ட் கார்லிக் முளைக்கும், இலையைக் கசக்கினா பூண்டு வாசம், துவையல் அரைச்சா தோசைக்கு அவ்வளவு நல்லா இருக்கும். அதுக்கு நடுவுலயே லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்னு ஒரு விஷச்செடியும் முளைக்கும், வாயில பட்டா ஊசி குத்தின மாதிரி எரியும். நம்ம கருணைக்கிழங்குக்கு உறவுக்காரச் செடி அது, நாக்கு அரிக்க வைக்கிற அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிதான் இதுலயும். வளர்ந்த இலை அம்பு மாதிரி இருக்கும், ஆனா சின்னதா இருக்கறப்ப அந்த வால் இன்னும் வராததால பூண்டு இலை மாதிரியே தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும், புஸ்தகத்துல படிச்சிருக்கேன், படம் பார்த்திருக்கேன். தெரிஞ்சும் கொத்துக் கொத்தா அள்ளி பைல போட்டேன், வாசம் பார்த்தா தெரிஞ்சிடும்ங்கிற தைரியத்துல. பத்து நிமிஷம் பூண்டு இலை பறிச்ச கையில எதை எடுத்து மோந்தாலும் பூண்டு வாசம்தான் அடிக்கும்னு தோணவே இல்ல. க்ரோவ்ல இருக்கிற ஒரு வயசான அம்மா ஒண்ணும் பேசாம என் பையை ஒரு நியூஸ்பேப்பர்ல கொட்டி ஒவ்வொரு இலையா திருப்பிப் பார்த்து மூணு இலையைத் தனியா எடுத்து வச்சாங்க. "ஒவ்வொண்ணா பறிங்க"ன்னாங்க, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய்க்கும் கறிக்கும் நடுவுல இருக்கிற அந்த இடம்தான் நாம பழகப் போறது.

முதல் படி: ரெண்டு கதையை மனப்பாடம் பண்ணுங்க

படிச்சா போதாது, ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்ற அளவுக்கு வரணும். ரோமத் தளபதி சீசர் எழுதி வச்சதுபடி, கால் (Gaul, இன்னைய பிரான்ஸ் பக்கம்) நாட்டு ட்ரூயிட்டுங்க சிலர் 20 வருஷம் வரைக்கும் பாட்டா மனப்பாடம் பண்ணிப் படிச்சாங்க. மத்த வேலைக்கு கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினவங்க, பாடத்தை மட்டும் எழுத்துல வைக்கலை, எழுத்தை நம்பினா ஞாபகம் மழுங்கிடும்னு ஒரு காரணம் சொல்றார். 20 வருஷம் நமக்கு ஆகாது, ரெண்டு கதை ஆகும்.

முதல் கதை அயர்லாந்து. ஒன்பது ஹேசல் மரம் ஒரு கிணத்துல கொட்டையை உதிர்க்குது, அதைத் தின்ன சால்மன் மீனுக்கு உலகத்து அறிவெல்லாம் வந்துடுது. ஃபினெகஸ்ங்கிற கவிஞர் பாய்ன் ஆத்தங்கரையில ஏழு வருஷம் காத்துக் கிடந்து அந்த மீனைப் பிடிச்சு, கூட இருந்த பையன்கிட்ட சமைக்கக் கொடுத்து ஒரு வாய் கூட திங்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போறார். மீன் தோல்ல ஒரு கொப்புளம் எழும்புது, பையன் கட்டைவிரலால அமுக்குறான், விரல் சுடுது, வாயில வைக்கிறான், அறிவு பூராவும் அவனுக்குப் போயிடுது. அவன்தான் ஃபின் மெக்கூல்.

ரெண்டாவது வேல்ஸ். கெரித்வென் தன் மகனுக்காக ஒரு கொப்பரையில ஒரு வருஷமும் ஒரு நாளும் மூலிகை காய்ச்சுறா, கிண்டுற வேலை க்வியோன்னு ஒரு சின்னப் பையனுக்கு. கடைசில மூணு சொட்டு தெறிச்சு அவன் விரல்ல விழுது, சுட்ட விரலை வாயில வைக்கிறான், மகனுக்குப் போக வேண்டியது இவனுக்குப் போயிடுது. கொப்பரைல மிச்சம் இருந்தது பூராவும் விஷம். அவன்தான் பின்னாடி டாலியெசின்னு கவிஞனா பொறக்கிறான்.

ரெண்டையும் நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்தா ஒண்ணு கண்ணுல படும். ஆசைப்பட்டுக் காத்திருந்தவங்க யாருக்கும் கிடைக்கலை, அடுப்படில நின்னு வேலை பார்த்து சூடு பட்டவனுக்குத்தான் கிடைச்சுது. தமிழ்ல இதை ஒரே வார்த்தைல பட்டறிவுன்னு சொல்லி வச்சிருக்கோம், இங்க விரலே பட்டுருக்கு. இன்னொண்ணும் எனக்குப் பிடிச்சது, கொப்பரை நிறைய இருந்தாலும் மூணு சொட்டுக்கு மேல விஷம். எல்லா ட்ரூயிட் புஸ்தகத்தையும் ஒரே மாசத்துல வாங்கிப் போடுறவங்க இதை யோசிக்கலாம் (என்னையும் சேர்த்துத்தான்).

ரெண்டாவது படி: ஒரு மரம், ஒரே இடம்

வீட்டுலேர்ந்து நடந்து போற தூரத்துல ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்க. அழகான மரம், ஆயிரம் வருஷத்து ஓக்னு தேடி கார் எடுத்துட்டு ஒரு மணி நேரம் போகாதீங்க, மூணாவது வாரமே விட்டுடுவீங்க. வாரத்துக்கு ஒரு தடவை 20 நிமிஷம், போன் பாக்கெட்டுக்குள்ள, காதுல ஒண்ணும் மாட்டாம. தியானம் பண்ணணும்னு கூட இல்ல, சும்மா பாருங்க. வீட்டுக்கு வந்ததும் பார்த்ததை மட்டும் அஞ்சு வரி எழுதுங்க. "அமைதியா இருந்துச்சு", "பாசிட்டிவா ஃபீல் ஆச்சு" இதெல்லாம் பார்த்தது ஆகாது. "வடக்குப் பக்கம் பாசி, கீழ்க்கிளைல மொட்டு கருப்பா மூடியிருக்கு, புறா ஒண்ணு" இதான் பார்த்தது.

என்னோட மரம் ஆஷ். மே மாசம் பக்கத்துல இருந்த ஓக் முழுசா இலை விட்டு நிக்குது, இது மொட்டையா நிக்குது. எனக்கு ஒரே பதட்டம், ஏன்னா இந்த நாட்டுல ஆஷ் மரத்துக்கு டைபேக்னு ஒரு பூஞ்சை நோய் இருக்கு, 2012லதான் இங்க முதல்ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் நாடு முழுக்கப் பரவிடுச்சு. நோட்டுல "மரம் செத்துக்கிட்டு இருக்கு"ன்னு எழுதிட்டேன், க்ரோவ்ல சொல்லி ரெண்டு பேரை வருத்தப்படவும் வச்சுட்டேன். ரெண்டு வாரத்துல இலை வந்துடுச்சு. ஆஷ் எப்பவுமே மத்த மரத்தை விட லேட்டாத்தான் இலை விடுமாம், இங்க சின்னப் பசங்களுக்குக் கூடத் தெரியும். நான் பார்த்தது மொட்டைக் கிளை, எழுதினது சாவு. நடுவுல இருந்ததெல்லாம் நான் நியூஸ்ல படிச்சது.

இந்த ஒரு பழக்கத்தை மட்டும் ஒரு வருஷம் செஞ்சாலே போதும்னு நான் நினைக்கிறேன், ஏன்னா மரத்துக்கிட்ட பண்ற அதே தப்பைத்தான் மனுஷங்ககிட்டயும் பண்றோம், மரம் கோச்சுக்காதுங்கிறதால பழகுறதுக்கு வசதி.

மூணாவது படி: எது பழசு, எது புதுசுன்னு பிரிக்கிறது

ட்ரூயிட் வழிக்குள்ள வந்ததும் "பழங்கால ட்ரூயிட் ஞானம்"னு ஏகப்பட்டது காதுல விழும். ஒரு நோட்டுல மூணு தலைப்பு போட்டுக்கோங்க: பழைய ஆதாரம் இருக்கிறது, பின்னாடி உருவாக்கினது, என் சொந்த அனுபவம். கேக்கிற ஒவ்வொண்ணும் எதுல போகும்னு தேடிப் பார்த்து எழுதுங்க.

உதாரணத்துக்கு எங்க க்ரோவ்ல ஒவ்வொரு சடங்குலயும் சொல்ற ட்ரூயிட் பிரார்த்தனை. காப்பு கொடு, காப்புல பலம், பலத்துல புரிதல், புரிதல்ல அறிவு, அறிவுல நீதியைத் தெரிஞ்சுக்கிறது, தெரிஞ்சுக்கிட்டதுல நீதி மேல அன்புன்னு படிப்படியா ஏறிப் போகும். ரொம்ப பழசுன்னு நினைச்சேன். எழுதினது யோலோ மார்கன்வுக், வேல்ஸ்ல க்ளமார்கன் பக்கத்துக் கல்தச்சர், நிஜப் பேரு எட்வர்ட் வில்லியம்ஸ். 1792ல லண்டன் ப்ரிம்ரோஸ் ஹில்ல கல்லை வட்டமா அடுக்கி முதல் கோர்செத், அதாவது கவிஞர்கள் கூட்டம், நடத்தினவர், தானே எழுதினதை எல்லாம் பழைய ஏட்டுல கிடைச்சதுன்னு சொல்லி உலகத்தையே நம்ப வச்சவர், வெல்ஷ் அறிஞர்கள் அதைப் பிரிச்செடுக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இது தெரிஞ்சதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு, ரெண்டு மாசம் அந்தப் பிரார்த்தனை வர்றப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன். அப்புறம் யோசிச்சா, ஆள் சொன்னது பொய், ஆனா எழுதினது நல்ல எழுத்து, அதுவும் புரிதலுக்கு முன்னாடி பலத்தையும், அறிவுக்கு முன்னாடி புரிதலையும் வச்சது யோசிக்க வேண்டிய வரிசை. இப்போ சொல்றேன், யோலோ எழுதினதுன்னு தெரிஞ்சே சொல்றேன். யாராவது புதுசா வந்து எவ்வளவு பழசுன்னு கேட்டா 18ஆம் நூற்றாண்டுன்னு உண்மையைச் சொல்றோம். பழசுன்னா ஒசத்தி, புதுசுன்னா மட்டம்னு வச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் ஏமாறுவோம்.

நிஜமாவே பழசு வேணும்னா 9ஆம் நூற்றாண்டு ஐரிஷ் மும்மைகள் இருக்கு, மூணு மூணா அடுக்கிச் சொல்ற சின்ன வாக்கியங்கள். அதுல ஒண்ணு, எந்த இருட்டையும் போக்குற மூணு விளக்கு: உண்மை, இயற்கை, அறிவு. இன்னொண்ணு, மனசுல இருக்கிறதைத் திறக்கிற மூணு சாவி: குடிபோதை, நம்பிக்கை, காதல். ரெண்டாவதை எழுதின ஆள் நம்ம ஊர் டீக்கடைல உக்காந்திருந்தவரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். மாசத்துக்கு ஒண்ணு மனப்பாடம் பண்ணுங்க, அதே மாதிரி மாசத்துக்கு ஒண்ணு நீங்களே எழுதுங்க, உங்களுக்கு நடந்ததை வச்சு. நான் பூண்டு இலைக்கு அப்புறம் எழுதினது: அவசரமா செஞ்சா கெட்டுப்போற மூணு, இலை பறிக்கிறது, மன்னிப்பு கேக்கிறது, அடுத்தவங்களுக்கு புத்தி சொல்றது.

நாலாவது படி: மூணு கொப்பரை

இது கொஞ்சம் ஆழமான பகுதி, முதல் மூணும் ரெண்டு மூணு மாசம் ஓடினதுக்கு அப்புறம் வாங்க. கவிஞர்களோட பயிற்சி பத்தின ஒரு பழைய ஐரிஷ் நூல்ல ஒவ்வொரு மனுஷனுக்குள்ளயும் மூணு கொப்பரை இருக்கிறதா சொல்லுது. முதல்ல சூட்டுக் கொப்பரை, அடுத்து அசைவுக் கொப்பரை, மூணாவது அறிவுக் கொப்பரை. இப்போ பழகுறவங்க வயிறு, நெஞ்சு, தலைன்னு வச்சுத் தியானம் பண்றாங்க. முதல் கொப்பரை பொறக்கறப்பவே நிமிர்ந்து இருக்கு. நடுவுல உள்ளது நிறைய பேருக்குச் சாஞ்சு கிடக்கு. அறிவுக் கொப்பரை மட்டும் கவுந்து கிடக்கு, எதை ஊத்தினாலும் நிக்காது.

நடுவுல உள்ள அசைவுக் கொப்பரையை எது நிமிர்த்தும்னு கேட்டா நூல் சொல்ற பதில் படிப்பு, தவம்னு போகலை. சோகமும் சந்தோஷமும்தான் திருப்புமாம். சோகத்துல நாலு வகை சொல்லுது: ஏக்கம், இழவு துக்கம், பொறாமைல வர்ற வேதனை, தெய்வத்துக்காக ஊரை விட்டுப் போறது. அந்த முதல் வகைக்குப் போட்டிருக்கிற ஐரிஷ் வார்த்தைக்கு ஊர் ஏக்கம்னே அர்த்தம் உண்டு. வெளிநாட்டுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிப் போன சமையல்கட்டுல நின்னவங்களுக்கு அது என்னன்னு நான் விளக்க வேண்டியதில்ல. சந்தோஷத்துலயும் உடம்பு சுகம், ஆண் பெண் உறவு, ரொம்ப நாள் உழைச்சுப் படிச்சது கைகூடுற சந்தோஷம்னு போய், கடைசில அந்த ஒன்பது ஹேசல் மரத்து அறிவு வந்து சேர்ற சந்தோஷத்துல முடியும்.

பழகுற விதம் ரொம்ப எளிசு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உக்காந்து மூணு மூச்சு வயித்துல, மூணு நெஞ்சுல, மூணு தலைல கவனிங்க, வேணும்னா "அவென்" சொல்லுங்க, "ஆ-ஊ-என்"னு இழுத்துச் சொல்லணும், வெல்ஷ்ல கவிஞனுக்குள்ள பாயுற ஊற்றுக்கு அந்தப் பேரு. அப்புறம் ஒரே கேள்வி: இன்னைக்கு எந்தச் சோகம் இல்ல எந்தச் சந்தோஷம் என்னை அசைச்சுது, அது அசைச்ச வேகத்துல நான் என்ன செஞ்சேன். பொறாமைன்னு நோட்டுல எழுத எனக்கு ஆறு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் "சோர்வு"ன்னே எழுதிக்கிட்டு இருந்தேன். ஒரு எச்சரிக்கை, துக்கம் தாங்க முடியாத அளவுக்கு இருந்தா கொப்பரை தானா நிமிரும்னு காத்திருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க, அதுவும் சரியான முடிவெடுக்கிறதுல சேர்த்திதான்.

அஞ்சாவது படி: முடிவு நோட்டு

எனக்கு எல்லாத்தையும் விட பலன் கொடுத்தது இதுதான், ஆனா எந்த ட்ரூயிட் புஸ்தகத்துலயும் பார்த்து எடுக்கலை, நானா ஏடிஎஃப் விளக்கத்தைப் பிச்சுப் போட்டு செஞ்சது. பழைய ட்ரூயிட்டுங்க எழுத மாட்டாங்களேன்னு கேப்பீங்க. அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. எனக்கு ஞாபகம்னு இருக்கிறது, நடந்ததை எனக்குச் சாதகமா மாத்தி வச்சுக்கிற ஒரு பெட்டி.

ஏதாவது ஒரு முடிவு எடுக்கணும்னு வந்தா நாலு வரி எழுதுங்க. ஒண்ணு, நான் கண்ணால பார்த்தது காதால கேட்டது மட்டும். ரெண்டு, அதுலேர்ந்து நான் நினைச்சுக்கிட்டது. மூணு, என்ன செய்யப் போறேன். நாலு, நான் நினைச்சது தப்பா இருந்தா யாருக்கு அடி. எழுதின பக்கத்தை மடிச்சு க்ளிப் போட்டுடுங்க, அடுத்த பண்டிகை வரைக்கும் பிரிக்கக் கூடாது. ட்ரூயிட் வருஷத்துல எட்டு பண்டிகை, அக்டோபர் 31 சாயங்காலம் சாவின் (Samhain), டிசம்பர்ல வின்டர் சோல்ஸ்டிஸ், பிப்ரவரி 1 இம்பொல்க், மார்ச்ல ஈக்வினாக்ஸ், மே 1 பெல்டேன், ஜூன்ல சம்மர் சோல்ஸ்டிஸ், ஆகஸ்ட் 1 லூனசா, செப்டம்பர்ல இன்னொரு ஈக்வினாக்ஸ். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சுமாரா ஆறு, ஏழு வாரம் வரும். கோவம் ஆறுறதுக்கும் சங்கதி வெளிய வர்றதுக்கும் அது சரியான அளவு, நாலு நாள்ல பிரிச்சா நாம இன்னும் அதே ஆளாத்தான் இருப்போம்.

என் நோட்டுலேர்ந்து ஒண்ணு. பார்த்தது: க்ரோவ்ல ஒருத்தரை மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பலை. நினைச்சது: போன சடங்குல நான் கேலி பண்ணினது அவர் மனசுல தங்கிடுச்சு. செய்யப் போறது: இனிமே நானும் பேசப் போறதில்ல. தப்பா இருந்தா யாருக்கு அடி: இந்த வரிக்கு எதிர்ல ஒண்ணும் எழுதாம விட்டிருந்தேன். இம்பொல்க் அன்னைக்குப் பிரிச்சுப் படிக்கறப்ப அந்த மனுஷன் எனக்கு எதிர்ல உக்காந்து புதுசா மாட்டின ஹியரிங் எய்டை எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருக்கார். ஆறு வாரமா நான் மூஞ்சியைத் திருப்பினதையும் அவர் கவனிக்கலை, அதுவும் ஒரு அவமானம்தான்.

சாவின் அன்னைக்கு ஒரு வருஷத்துப் பக்கத்தையும் சேர்த்து வச்சுப் படிங்க. ரெண்டாவது வரில ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வரும். எனக்கு வந்தது "என்னை மதிக்கலை". உங்களுக்கு வேற ஏதாவது வரும்.

ஆறாவது படி: சகுனம் பார்க்கிறது, சுருக்கமா

ஏடிஎஃப் சடங்குல காணிக்கை கொடுத்து முடிச்சதும் சகுனம் எடுப்பாங்க, ஓகம் குச்சி, ரூன் கல்லு, சீட்டு ஏதாவது ஒண்ணு. ஓகம்ங்கிறது கல்லுல கோடு கோடா வெட்டின பழைய ஐரிஷ் எழுத்து, 20 எழுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மரத்தைச் சொல்வாங்க, கோல்னா ஹேசல், அறிவுக்கு உரியது. குச்சில குறி பார்க்கிறது இப்போதைய வழக்கம்தான். கேள்வியை முதல்ல எழுதிட்டு எடுங்க, எடுத்தப்புறம் கேள்வியை மாத்தாதீங்க, பிடிக்கலைன்னு ரெண்டாவது தடவை எடுக்காதீங்க. காசு, மருந்து, கோர்ட் விஷயத்துக்குக் குச்சி வேண்டாம். சகுனம் நல்லா வந்ததும் நிம்மதி வந்துச்சா ஏமாத்தம் வந்துச்சான்னு பாருங்க, எனக்கு பாதி தடவை அதுலயே பதில் கிடைச்சுடும்.

ஏழாவது படி: நாலு பேருக்கு நடுவுல

தனியா உக்காந்து பக்குவமா இருக்கிறது சுலபம், க்ரோவ் மீட்டிங்ல தெரியும். பாட்லக்குக்கு யார் என்ன கொண்டு வர்றதுன்னு ஆரம்பிச்சு நாப்பது நிமிஷம் சண்டை போட்டிருக்கோம். நான் வச்சுக்கிட்ட வழக்கம், யாராவது பிரச்சினையைச் சொன்னா "கேக்கணுமா, யோசனை சொல்லணுமா"ன்னு முதல்ல கேட்டுக்கிறது. பத்துல எட்டு பேர் கேட்டா போதும்பாங்க.

பெரியவங்களை மதிக்கிறது வேற, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விடுறது வேற. ஏடிஎஃப்ல ஒரு கொள்கையே உண்டு, ஆர்ச்ட்ரூயிட் தப்பு பண்ணக்கூடியவர்தான்னு, தலைமைப் பதவிக்கே அப்படி எழுதி வச்சிருக்காங்க. எந்தக் குழுவா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி அங்க இருக்கிற மூத்தவங்ககிட்ட "நீங்க தப்பு பண்ணி மாத்திக்கிட்டது ஏதாவது உண்டா"ன்னு சும்மா பேச்சுவாக்குல கேட்டுப் பாருங்க. உடனே சிரிச்சுக்கிட்டு ஒண்ணு சொல்றவங்க இருந்தா உக்காருங்க, இல்லைன்னா டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க.

பழைய இடங்களுக்குப் போறப்பவும் இதே கணக்குதான். மரத்துல நைலான் ரிப்பன் கட்டினா அது மக்காது, கிளை வளர வளர இறுக்கும். கல்லறைக் குகைக்குள்ள டீலைட் மெழுகுவர்த்தி வச்சா கல்லுல கரி படியும். எனக்குப் பக்தி இருக்குங்கிறது கல்லுக்குத் தெரியாது. தண்ணி ஊத்துங்க, பாட்டு பாடுங்க, கொண்டு போனதைத் திரும்ப எடுத்துட்டு வாங்க. பூண்டு இலை பறிச்சாலும் இலையோட விடுங்க, நிலத்துக்காரர் அனுமதி இல்லாம கிழங்கோட பிடுங்குறது இந்த ஊர்ல சட்டப்படியே குத்தம்.

எட்டாவது படி: எழுதிக் கொடுக்கிறது

ஏடிஎஃப் முதல் வருஷப் பயிற்சி பண்றவங்க ஒவ்வொரு குணத்துக்கும் குறைஞ்சது 125 வார்த்தை எழுதணும். நான் நாலு மாசம் மாட்டினதுக்குக் காரணம், அதுல அரிஸ்டாட்டில், அகராதி, நாலு வலைத்தளம்னு மேற்கோள் காட்டி 900 வார்த்தை எழுதிட்டு இதுல நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாம முழிச்சதுதான். அதைத் தூக்கிப் போட்டுட்டு மூணு இலைக் கதையை எழுதினேன், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. நீங்களும் அகராதியை ஒரு வரியோட நிறுத்திட்டு முடிவு நோட்டுலேர்ந்து ஒரு பக்கத்தை எடுத்து, அதுவும் தப்பாப் போன பக்கத்தை எடுத்து எழுதுங்க.

ஆரம்பிக்கிறதுக்கு சாவின் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்து எந்தப் பண்டிகை வருதோ அதுலேர்ந்து தொடங்கலாம். முதல் ஆறு வாரம் மரமும் ரெண்டு கதையும் மட்டும், ரெண்டாவது ஆறு வாரத்துல முடிவு நோட்டும் மூணு தலைப்பு நோட்டும் சேர்த்துக்கோங்க, கொப்பரையும் குச்சியும் அதுக்கப்புறம். நடுவுல ரெண்டு வாரம் விட்டுப் போச்சுன்னா விட்ட இடத்துலேர்ந்து எடுங்க. ஏடிஎஃப்ல பழைய ஜோக் ஒண்ணு உண்டு, ஓடுற ஓக் மரத்தோட வேகத்துல போறோம்னு.

என் ஆஷ் மரம் என்னாச்சுன்னு சொல்லலையே. போன கோடைல இலை நடுவேனில்லயே கருகித் தொங்குச்சு, கிளை தண்டுல சேர்ற இடத்துல டைமண்ட் வடிவத்துல பட்டை கருத்திருந்துச்சு. இந்தத் தடவை நோட்டுல அதை மட்டும்தான் எழுதினேன், படம் எடுத்து மரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டினேன், அவரும் டைபேக்தான்னுட்டார். நடைபாதை ஓரம் இருக்கிறதால வெட்டிடுவாங்கன்னு பேச்சு. கடைசி வரைக்கும் அதுக்கடியில உக்கார்றதா, இப்பவே பக்கத்து ஓக்குக்கு மாறிடுறதா, வெட்டுறப்ப போய் ஒரு துண்டு கேக்கிறதான்னு நாலு வரி எழுதி மடிச்சு வச்சிருக்கேன், சாவினுக்குப் பிரிக்கணும்.